புரோகிரெசிவ் மெட்டல்: எங்கே இருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

கொழிஞ்சாம்பாறைப் பையன்:
மாமா பையன் ட்ரீம் தியேட்டர் குழுவின் 'புல் மீ அண்டர்' பாட்டை அனுப்பி, இதைக் கேட்காமல் என்னிடம் மெட்டல் பற்றிப் பேசாதே என்று சொல்லிவிட்டான். வேலந்தாவளம் தாண்டுகிற பஸ்ஸில் கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டு நிமிஷம் கழித்து, நன்றாக ஏறிக்கொண்டிருந்த பாட்டு படக்கென்று அறுந்து நின்றுவிட்டது. கேரள-தமிழ்நாடு எல்லையில் டவர் போவது நமக்குப் பழக்கம்தானே, அதுதான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து வைஃபையில் போட்டாலும் அதே இடத்தில் நிற்கிறது. ஃபைல் கெட்டுப்போனதா? அப்புறம் இந்தப் புரோகிரெசிவ் மெட்டல் வகை எப்படி வந்தது, யாரையெல்லாம் கேட்க வேண்டும்? தாளம் எனக்குப் பிடிபடவே இல்லை, தலையாட்டினால் நடுவில் தப்பிவிடுகிறது.

தத்தமங்கலம் பழைய கேசட்:
ஃபைல் சரியாகத்தான் இருக்கிறது தம்பி, பாட்டே அப்படித்தான் முடியும். 1992-ல் வந்த ஆல்பம் அது, எங்களுக்கும் கேசட் அறுந்துவிட்டது என்றுதான் தோன்றியது.

கதை இன்னும் பின்னால் போகும். கிங் கிரிம்சன் 1969-லேயே ராக்கை நீட்டி முறுக்கிப் பார்த்துவிட்டார்கள், கனடாவின் ரஷ் 1976-ல் இருபது நிமிஷப் பாட்டு போட்டு ஒரு பக்க ரெக்கார்டையே நிரப்பினார்கள். அந்த நீளத்தையும் மெட்டலின் கனத்தையும் ஒன்றாகக் கட்டியது எண்பதுகளில், அமெரிக்காவின் ஃபேட்ஸ் வார்னிங், க்வீன்ஸ்ரைக் போன்றவர்கள். க்வீன்ஸ்ரைக் 1988-ல் ஒரு முழு ஆல்பத்தையும் ஒரே கதையாகச் சொன்னார்கள். ட்ரீம் தியேட்டர் 1985-ல் பாஸ்டனில் ஒரு இசைக் கல்லூரியில் சேர்ந்த பையன்கள் தொடங்கியது, அதனால்தான் எல்லாவற்றிலும் பரீட்சை எழுதுகிற வாசனை. சொன்னால் சண்டைக்கு வருவார்கள், ஆனால் உண்மை. 1999 ஆல்பத்தில் ஆறு நிமிஷ வாத்தியப் பாட்டு ஒன்றில் நூறு தடவைக்கு மேல் தாளம் மாறும். ஒரு தடவை வியந்தேன், இரண்டாம் தடவை கேட்கத் தோன்றவில்லை.

எனக்கு ஓபெத்தான். ஸ்வீடன்காரர்கள். உறுமலும் இதமான பாட்டும் ஒரே ஆளின் தொண்டையிலிருந்து வரும். 2009-ல் சென்னை ஐஐடி சாரங் விழாவுக்கு அவர்கள் வந்தபோது பாலக்காட்டில் ரயிலேறிப் போனோம், மறுநாள் தொண்டை கட்டி வேலைக்கு லீவு. 2011 ஆல்பத்தில் உறுமலை விட்டுவிட்டார்கள், 2024-ல் திரும்பவும் எடுத்துக்கொண்டார்கள். நடுவில் அந்தப் பதின்மூன்று வருஷமும் நான் கோவித்துக்கொண்டுதான் கேட்டேன்.

எட்டுக்கம்பி:
அண்ணா தன் பழைய குழுக்களோடுதான் நிற்பார் என்று தெரியும் :) மெஷுகாவை விட்டுவிட்டு இந்தக் கதையை எப்படிச் சொல்ல முடியும்? அவர்களும் ஸ்வீடன்தான். 2002-ல் எட்டுக் கம்பி கிடாருக்கு மாறினார்கள், அந்த அடிக்கம்பியை உள்ளங்கையால் அமுக்கி அடித்தால் வருகிற 'ஜென்ட்' சத்தமே பிறகு ஒரு வகைக்குப் பெயராகிவிட்டது. அமெரிக்காவின் பெரிஃபெரி, இங்கிலாந்தின் டெஸராக்ட், டோசின் அபாசியின் அனிமல்ஸ் ஆஸ் லீடர்ஸ் எல்லாம் அந்த வழியில் வந்தவர்கள். ஆனால் ஜென்ட் என்று சொல்லி வருகிற எல்லாவற்றையும் கேட்காதே, பாதிப்பேர் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தாளக் கணக்கை விட்டுவிட்டார்கள்.

நம்ம பக்கம் என்றால் கொச்சியின் மதர்ஜேன் குழு. பைஜு தர்மஜன் கிடாரில் கமகம் இழுப்பதைக் கேள். 2008 ஆல்பம் போதும்.

சித்தூர் மிருதங்கம்:
தாளம் தப்புவதற்கு நான் பதில் சொல்கிறேன். மிருதங்க மேதை பாலக்காட்டு மணி ஐயரின் ஊர்ப் பக்கம் இருந்துகொண்டு தாளம் புரியவில்லை என்று சொல்லலாமா?

டூல் குழுவின் 'ஸ்கிஸம்' போடு. தலையாட்டாதே, வாயால் சொல். தக தகிட, தகிட தகதிமி. ஐந்து, ஏழு, ஐந்து, ஏழு. கண்ட சாபும் மிஸ்ர சாபும் மாறி மாறி வருகிறது, அவ்வளவுதான். மெஷுகா வேறு மாதிரி. அங்கே தாளம் பெரும்பாலும் மாறுவதே இல்லை. டிரம்மரின் கை சிம்பலில் நாலு நாலாகப் போய்க்கொண்டே இருக்கும், காலும் கிடாரும் அதன்மேல் வேறு நீளத்தில் ஒரு சொற்கட்டைத் திரும்பத் திரும்ப அடிக்கும். நாம் கையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டு மிருதங்கத்தில் ஐந்தைந்தாகக் கோர்ப்பது போல. நம் கணக்கில் ஐந்தாவது ஆவர்த்தனம், அதாவது ஐந்தாவது தாளச் சுற்று, முடியும்போதுதான் இரண்டும் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், சேரும். அவர்கள் அவ்வளவு காத்திருக்க மாட்டார்கள், நாலாவது சுற்றிலோ எங்கோ வாலை நறுக்கிச் சமத்துக்கு வந்துவிடுவார்கள். எனக்கு அது கொஞ்சம் கள்ளத்தனமாகத்தான் படுகிறது. ஆனாலும் கேட்க நன்றாக இருக்கிறது.

ஆக, கிடாரைப் பின்தொடராதே. சிம்பலைப் பிடி.

கொழிஞ்சாம்பாறைப் பையன்:
எல்லோருக்கும் நன்றிங்க. பொள்ளாச்சி பஸ்ஸில் தக தகிட சொல்லிப் பார்த்தேன், மூணாவது நிமிஷம் வரைக்கும் தப்பவில்லை. பக்கத்து சீட்டு அம்மா, தம்பி ஏதாவது மந்திரமா என்று கேட்டார்.

சித்தூர் மிருதங்கம்:
மூணு நிமிஷத்துக்குப் பிறகு நடுப்பகுதியில் தாளம் மாறும், அங்கே தப்பினால் தப்பில்லை. நானும் தாளில் எழுதித்தான் பிடித்தேன்.