மறு: மறு: ஃபெல்ட்டிங்குக்குத் தமிழ்ச்சொல் - சடையேறல் சரிவருமா?

எல்லாருக்கும் வணக்கம். இந்த மடல் இழை நீண்டு போச்சு, ஆளாளுக்குத் தனித்தனியா எழுதாமல் ஒரே மடலில மறுமொழி போடுறன், நீளமா இருந்தா மன்னிக்கோணும். கம்பளியைச் சுடுதண்ணியில போட்டு உருட்டினா அதின்ர மயிரெல்லாம் ஒண்டுக்குள்ள ஒண்டு இறுகிப்போறதைத்தான் இங்கிலீசில ஃபெல்ட்டிங் எண்டுறவை, அதுக்குத் தமிழ்ச்சொல் தேடித்தான் இவ்வளவு கதையும்.

> ஃபெல்ட்டிங் என்றால் கம்பளி சுருங்குவதுதானே? 'கம்பளிச் சுருக்கம்' போதும். புதுச்சொல் எதற்கு?

ஐயா, போதாது. நான் திருகோணமலையில யன்னல் சீலை, செற்றிக் கவர், குஷன் எல்லாம் தைச்சுக் குடுக்கிற ஆள். உப்புவெளிப் பக்கம் புது வீடு கட்டி ஏசியும் போட்ட ஒரு குடும்பம் லண்டனில இருந்து நல்ல கம்பளித் துணி கொண்டுவந்து தந்து குஷன் கவர் தைப்பிச்சவை, பிறகு ஆரோ அதைப் பெட்சீற்றுகளோட சேர்த்து வோஷிங் மெசினில சுடுதண்ணியில போட்டு எடுத்துப்போட்டினம். 18 இஞ்சிக் கவர் 13 இஞ்சியா என்ர மேசைக்கு வந்தது. சுருங்கினதைப் பாத்து நான் அதிசயப்படேல்ல, கத்திரிக்கோல் வைச்சு ஓரத்தை வெட்டிப் பாத்தன், ஒரு நூல் பிரியேல்ல. நெய்த துணியை வெட்டினா ஓரத்தில நூல் இழுபட்டு வரோணும். இதில நெடுக்கால ஓடுற பாவு நூலும் தெரியேல்ல, குறுக்கால ஓடுற ஊடு நூலும் தெரியேல்ல, நகத்தால கிளறினாலும் எங்க ஒரு இழை முடியுது எங்க மற்றது தொடங்குது எண்டு பிடிக்க ஏலாது. நெய்த துணி வேற ஒரு பொருளா மாறிப்போச்சு.

கொட்டன் துணி முதல் கழுவலில சுருங்கிறது வேற விசயம். தறியில இழுவிசையோட நெய்த நூல் தண்ணி பட்டதும் தளர்ந்து தன்ர நிலைக்குத் திரும்புது, அவ்வளவுதான். அந்தச் சுருக்கம் கம்பளிக்கும் உண்டு. ஆனா அதுக்கு மேல கம்பளியில வேறொண்டு நடக்குது. ஆட்டுமயிரின்ர ஒவ்வொரு இழையிலயும் செதில் அடுக்கி இருக்கு, எல்லாச் செதிலும் நுனிப்பக்கமாத்தான் பாத்துக்கொண்டு நிக்கும். சூடு, ஈரம், சவர்க்காரம் பட்டாச் செதில் நிமிரும், அதோட போட்டு உருட்டினா இழை வேர்ப்பக்கமா நகரும், திரும்பி வராது, ஏனெண்டாச் செதில் மறிக்கும். இப்பிடி எல்லா இழையும் ஒண்டுக்குள்ள ஒண்டு ஏறி இறுகினா ஆராலயும் கழற்ற ஏலாது. 'சுருக்கம்' எண்டு எழுதினா சனம் என்ன செய்யும்? இழுத்து அயர்ன் பண்ணினாச் சரிவரும் எண்டு நினைக்கும். சரிவராது. அதோட இதை வேணுமெண்டே செய்யிற தொழிலும் இருக்கெல்லோ. மொங்கோலியாக்காரர் கூடாரத்துக்குப் போர்க்கிறது, கஷ்மீரில நம்தா விரிப்பு, பியானோவுக்குள்ள கம்பியை அடிக்கிற சுத்தியலின்ர தலை எல்லாம் இந்த வேலைதான். அவையிட்டப் போய் நீங்கள் சுருக்கிற தொழில் செய்யிறியள் எண்டு சொல்ல ஏலுமே?

> ஃபெல்ட் என்றே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுப் போகலாமே.

ரொறன்ரோ அக்கா, நானும் முதல் அதைத்தான் எழுதினன். கடைக்கு வாற பெடியனிட்ட வாசிக்கக் குடுத்தா அவன் 'பெல்ட்' எண்டு வாசிச்சான், இடுப்பில கட்டுற பெல்ட். ஆய்தத்தை ஆர் பாக்கினம்?

> மயிர்ப்பிணைவு?

பொருள் நல்லாப் பொருந்துது. மதுரையில இருந்து ஒரு தம்பி இதுக்குச் சிரிச்சு எழுதியிருந்தவர், அங்க 'மயிர்' எண்டா வசவாம். எங்களுக்கு இங்க தலைமயிர் சாதாரணச் சொல், பள்ளிக்கூடத்தில பௌதிகவியல் படிக்கேக்க மயிர்த்துளைக் குழாய் எண்டு எழுதித்தான் சோதினை பாஸ் பண்ணினாங்கள், ஒருத்தரும் சிரிக்கேல்ல. சிலப்பதிகாரத்தில மதுரை அறுவை வீதியில மயிரால நெய்த துணியும் அடுக்கியிருந்தது எண்டு வருது, அப்ப மதுரைக்காரரும் சிரிச்சிருக்கமாட்டினம் எண்டு நினைக்கிறன். ஆனாலும் நான் இதை விடுறன், காரணம் வசவு இல்ல. 'பிணைவு' எண்டாப் பிரிக்கலாம் போல ஒரு எண்ணம் வரும்.

என்ர முன்மொழிவு 'சடை'. எண்ணெய் வைக்காத தலை சிக்குப்பட்டுச் சீப்பு போகாமல் நிண்டா எங்கட அம்மாமார் என்ன சொல்லுவினம்? சடை பிடிச்சுப்போச்சு எண்டுவினம். வெட்டித்தான் எறியோணும் எண்ட கருத்தும் அந்தச் சொல்லுக்குள்ளயே கிடக்கு. இதில இருந்து

சடையேறல் - தானா நடக்கிறது
சடையேற்றல் - நாங்களா செய்யிறது
சடைத்துணி - அப்பிடிச் செய்து எடுத்த துணி
சடையேறாக் கம்பளி - குளோரினால செதிலை அரிச்சு மேல மெல்லிய பிசின் பூசி வாறது, மெசினில போடலாம் எண்டு லேபிளில இருக்கும்

சூடேறல் சூடேற்றல் எண்டு ஏற்கெனவே வாய்க்குப் பழகின சோடிதான், அதால தன்வினை பிறவினைக்கு வேற சொல் தேடத் தேவையில்ல. சுருக்கத்துக்கும் பிணைவுக்கும் இந்த வசதி இல்ல.

டெனிஸ் பந்தின்ர மேல இருக்கிற மஞ்சள் துணியைக் காட்டி இதுதான் சடைத்துணி எண்டு சொன்னன், அந்தப் பெல்ட் பெடியனுக்கு உடன விளங்கிச்சு. அவன் பின்னேரத்தில அந்தப் பந்தாலதானே கடற்கரையில கிரிக்கெட் அடிக்கிறவன்.

- - -

ரொறன்ரோவில இருந்து:

தம்பி, சொல் வடிவா இருக்கு. ஆனா எங்கட ஆக்கள் 'கதையைச் சடைஞ்சு போட்டான்' எண்டும் சொல்லுறவை, மழுப்பிறதுக்கு. மரம் சடைச்சு நிக்குது எண்டா அடர்த்தியா வளர்ந்திருக்கு எண்டு கருத்து. குழம்பாதே?

- - -

அக்கா, அதுக்காகத்தான் 'சடைத்தல்' எண்டு வைக்காமல் 'சடையேறல்' எண்டு வைச்சனான். மரம் சடைக்கும், சடையேறாது. கதையைச் சடையிறவனும் ஏத்திறேல்ல.

- - -

சென்னையிலிருந்து:

எங்க ஊர்ல சடைன்னா பின்னல்தாங்க முதல்ல ஞாபகம் வரும், பொண்ணுங்க போடற சடை. பின்னல் துணின்னு நினைச்சுடுவாங்களோன்னு ஒரு பயம், ஏன்னா பின்னலாடைன்னு திருப்பூர்ல வேற ஒரு துணி இருக்கு. ஆனா சுருக்கம் பத்தி நீங்க சொன்னதை ஒத்துக்கறேன், அதை வாபஸ் வாங்கிக்கறேன்.

- - -

ஐயா, நல்ல கேள்வி. சடைத்துணி எண்டு தனியா நிண்டாக் குழப்பம் வரலாம்தான், அப்ப முதல்தரம் எழுதேக்க 'சடையேற்றிய துணி' எண்டு முழுசா எழுதிப்போட்டுப் பிறகு சுருக்கலாம். அப்பிடி ஒரு குறிப்புப் போடுறன். ஜடாமுடிச் சடையும் உங்களுக்குத் தெரிஞ்ச சடைதானே, இங்க கோணேசர் மலையில இருக்கிறவரும் சடையர்தான், அவரைப் பின்னல் போட்டவர் எண்டு ஒருத்தரும் நினைக்கிறேல்ல.

இனி நான் கடையில குடுக்கப்போற துண்டுக் கடதாசியின்ர வாசகம், வாசிச்சுப் பாத்துச் சொல்லுங்கோ:

"கம்பளி எண்டு விக்கிறது எல்லாம் கம்பளி இல்லை. ஓரத்தில ஒரு நூல் இழுத்துக் கொளுத்திப் பாருங்கோ. ஆட்டுக் கம்பளி எண்டா மயிர் கருகிற மணம் வரும், நெருப்பை எடுத்தா நூந்துபோகும், சாம்பலை நசிச்சாத் தூளாகும். அக்ரிலிக், பொலியெஸ்டர் உருகிக் கட்டியா நிக்கும், அதுக்குச் செதில் இல்லை, சடையேறாது, மெசினில போடலாம். ஆட்டுக் கம்பளி சடையேறும். பச்சைத்தண்ணியில, கசக்காமல், முறுக்காமல் கழுவி, தட்டையா விரிச்சுக் காயவிடுங்கோ. புரதம் கரைக்கிற நொதியம் போட்ட சலவைத்தூள் வேண்டாம், கம்பளியே புரதம்தான். சடையேறினது திரும்பாது. வாடைக் காலத்தில கம்பளி தன்ர நிறையில மூண்டில ஒரு பங்கு வரைக்கும் ஈரத்தை இழுத்து வைச்சுக்கொண்டு தொட்டுப்பாக்கக் காஞ்ச மாதிரியே இருக்கும், அதால அலுமாரிக்குள்ள அடைச்சு வைக்காதேங்கோ, கச்சான் காத்து அடிக்கேக்க வெளிய எடுத்துத் தட்டிக் காத்தாட விடுங்கோ, அந்துப்பூச்சிப் புழுவும் அப்பதான் கொட்டுண்டு போகும்."

'மூண்டில ஒரு பங்கு' கொஞ்சம் கூட எண்டு நினைக்கிறாக்கள் 'முப்பது சதவீதம்' எண்டு மாத்தச் சொல்லலாம், ஆனா என்ர வாடிக்கையாளர் சதவீதம் வாசிக்கமாட்டினம். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் குடுக்கிறன். கார்ப்பெற்றில நிமிர்ந்து நிக்கிற மயிருக்கு என்ன பேர் எண்டு கேட்டவருக்கு அடுத்த இழையில எழுதுறன், அதுக்கு என்னட்ட இன்னும் சொல் இல்ல.