மைக்கி ஸ்டேடியத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்

பத்து வருடம் இருக்கும். அப்போது நியூயார்க்கில் வேலை. ஓர் அக்டோபர் சனிக்கிழமை, வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியின் மைக்கி ஸ்டேடியத்துக்கு ஃபுட்பால் பார்க்கப் போனேன். நம் ஊர் ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். அகாடமியின் அணிக்கு ஆர்மி என்றே பெயர். அது முதல் டச்டவுன் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது, ஆறு புள்ளி) போட்டதும் ஏரிப் பக்கமிருந்து பீரங்கி வெடித்தது. பதறி எழுந்துவிட்டேன். பக்கத்துப் பெரியவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது.

1946 நவம்பர் 9 அன்று அவருக்கு எட்டு வயது. யாங்கி ஸ்டேடியத்தில் ஆர்மிக்கும் நோட்ர டேம் பல்கலைக்கழக அணிக்கும் மேட்ச். அப்பா கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். 70,000 பேருக்கு மேல் கூட்டம்.

அந்தக் கூட்டத்துக்குக் காரணம் இருந்தது. 1944இல் ஆர்மி ஆடிய ஒன்பது ஆட்டத்திலும் ஜெயித்தது. எடுத்த புள்ளிகள் 504, விட்டுக்கொடுத்தது வெறும் 35. நோட்ர டேமை அந்த வருடம் 59-0, அடுத்த வருடம் 48-0 என்று நொறுக்கியது. ஆனால் அப்போது நோட்ர டேமின் கோச் ஃபிராங்க் லீஹி, தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜானி லூஜாக் இருவருமே கடற்படையில் இருந்தார்கள். போர் முடிந்து 1946இல் திரும்பிவிட்டார்கள். ஆர்மியின் நட்சத்திர ஓட்டக்காரர் டாக் பிளான்சர்டுக்கோ சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் பலத்த அடி. அந்தக் காலோடுதான் ஆடினார். அவரும் இன்னொரு நட்சத்திர ஓட்டக்காரர் கிளென் டேவிஸும் அந்தக் காலத்து வழக்கப்படி தாக்குதல், தடுப்பு இரண்டுக்கும் களத்தில் நிற்க வேண்டும்.

"பிளான்சர்டு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டார். எதிரே லூஜாக் ஒருவர்தான்" என்று சொல்லிக்கொண்டே பெரியவர் சட்டென்று குனிந்து பெஞ்சின் இரும்புக் காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். "இப்படி. கணுக்காலில்." கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை. ஆட்டம் 0-0. ஆர்மியின் தொடர்ச்சியான 25 வெற்றிகள் அன்றோடு நின்றன.

எல்லோரும் 1944 அணியைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கு 1946தான் பெரிது. ஆள் குறைந்து, அடிபட்டு, அப்புறமும் ஒரு தோல்விகூட இல்லாமல் முடித்தார்கள்.

அதுவும் மயிரிழையில்தான். நவம்பர் 30, ஃபிலடெல்ஃபியாவில் கடற்படை அகாடமியின் அணியான நேவியோடு கடைசி ஆட்டம். அதிபர் ட்ரூமன் வந்திருந்தார். அந்த சீசனில் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்திருந்த நேவியை யாரும் பொருட்படுத்தவில்லை. பாதியில் ஆர்மி 21-6. சரி, முடிந்தது என்று பெரியவரின் அப்பா ரேடியோவை விட்டு எழுந்தே போய்விட்டாராம். நேவி இன்னும் இரண்டு டச்டவுன் போட்டது. மூன்று டச்டவுனுக்குப் பிறகும் ஒரு புள்ளிக்காக அடித்த கூடுதல் உதை ஒன்றுகூட உள்ளே போகாததால் 21-18. கடைசியில் பந்து ஆர்மியின் கோட்டுக்கு மூன்று யார்டு முன்னால் நிற்கும்போது நேரம் முடிந்துவிட்டது.

"மூன்று யார்டு என்றால் எவ்வளவு தெரியுமா? நம் இடத்திலிருந்து அந்தக் கைப்பிடிக் கம்பி வரை" என்று படிக்கட்டைக் காட்டினார்.

மேட்ச் முடிந்து இறங்கும்போது எண்ணிக்கொண்டே நடந்தேன். நாலு எட்டில் கம்பி கைக்கு வந்துவிட்டது.