ரெண்டர் ஓடும்போது கம்ப்யூட்டர் டப்புனு அணைஞ்சிடுது, காரணம் என்ன?

கேள்வி:
சேலம் அம்மாபேட்டை. கல்யாண வீடியோ எடிட் பண்ற கம்ப்யூட்டர். ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள்ள கரண்ட் கொடுக்கற பெட்டி), 600 விஏ யூபிஎஸ். ரெண்டர் (எடிட் பண்ணினதை முழு வீடியோவா மாத்தற வேலை) போட்டா பல தடவை பாதியில அணைஞ்சிடுது. நீல ஸ்கிரீன் வரல. பிரௌசர் மட்டும் ஓடினா பிரச்சினையே இல்ல. விண்டோஸ் ரெண்டு தடவை ஃபார்மட் பண்ணியாச்சு, ராமும் மாத்திப் பார்த்தாச்சு. சூடு 72 டிகிரியைத் தாண்டல. அடுத்து எதை மாத்தணும்?

பதில்:
இப்போதைக்கு எதையும் மாத்தாதீங்க. விண்டோஸ் நடந்ததைப் பதிவு பண்ற ஈவென்ட் வியூவர்ல சிஸ்டம் லாக்கைத் திறந்து, அணைஞ்ச நேரத்துக்கு நேரா கெர்னல்-பவர் 41 (ஒழுங்கா ஷட்டவுன் ஆகாம அணைஞ்சதுக்கான பதிவு) இருக்கான்னு பாருங்க. அதோட டீட்டெய்ல்ஸ்ல பக்செக்கோடு 0-ன்னு இருந்தா விண்டோஸ் எந்தத் தப்பையும் பதிவு பண்ணல, பெரும்பாலும் கரண்ட்தான் நின்னிருக்கு. இன்னொண்ணு, ரொம்ப முக்கியம்: அணையும்போது மானிட்டரும் சேர்ந்து அணையுதா, இல்ல ‘நோ சிக்னல்’ காட்டுதா?

கேள்வி கேட்டவர்:
41 இருக்கு, கோடு 0. மானிட்டரும் சேர்ந்தே போயிடுது, அதுவும் யூபிஎஸ்ல தான் இருக்கு. யூபிஎஸ் பொத்தானை அழுத்தினாத்தான் திரும்ப வருது. பக்கத்துல விசைத்தறி இருக்குங்க, மோட்டார் போடும்போது லைட் மங்கும்.

பதில்:
அப்ப அணையறது யூபிஎஸ்தாங்க. எஸ்எம்பிஎஸ் மட்டும் போயிருந்தா மானிட்டர் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். வோல்டேஜ் இறங்கினதும் யூபிஎஸ் பேட்டரிக்கு மாறுது. ரெண்டர் ஓடும்போது கம்ப்யூட்டர் 300 வாட் கிட்ட இழுக்கும். 12 வோல்ட் பேட்டரியில அது 25 ஆம்பியருக்கு மேல. நலிஞ்ச 7 ஏஹெச் (ஆம்பியர்-மணி, பேட்டரியோட கொள்ளளவு) பேட்டரி அந்த இழுப்புக்கு ஒரு நொடி கூடத் தாங்காது. பிரௌசர் ஓடும்போது இழுப்பு கம்மிங்கிறதால சமாளிச்சிடுது.

சோதிக்க: யூபிஎஸ்ஸை 8 மணி நேரம் சார்ஜ் பண்ணி, கம்ப்யூட்டரைக் கழட்டிட்டு 100 வாட் குண்டு பல்பு மாட்டி, சுவர் ஸ்விட்சை அணைங்க. நல்ல பேட்டரின்னா 15 நிமிஷமாவது எரியும். ரெண்டு நிமிஷத்துல போச்சுன்னா பேட்டரி செத்தாச்சு. அதே அளவு 12 வோல்ட் 7 ஏஹெச் வாங்கிப் போடுங்க. மூடியைத் திறக்குமுன்னாடி பிளக்கைப் பிடுங்கிடணும், சிவப்பு ஒயர் பிளஸ்ல.

மற்றொரு பதில்:
புது பேட்டரியிலயும் மாறும்போது அணைஞ்சா 600 விஏவே பத்தல. அதோட நிஜ வாட் சுமார் 360 தான், மானிட்டரும் அதுலயே. 1000 விஏ பாருங்க. ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டை சீரா இழுக்க வைக்கற சர்க்யூட்) இருக்கற எஸ்எம்பிஎஸ்னா ப்யூர் சைன் வேவ் (சுவர் கரண்ட் மாதிரி வழவழப்பான அலை தர்ற) யூபிஎஸ் எடுக்கறது நல்லது. சாதா யூபிஎஸ் பேட்டரியில தர்ற படிக்கட்டு அலைக்கு சில எஸ்எம்பிஎஸ் நின்னுடும். லேசர் பிரிண்டர் இருந்தா யூபிஎஸ்ல மாட்டாதீங்க, சுவர்லயே மாட்டுங்க.