ஹும்பர்டிங்கின் 1897 ‘கோனிக்ஸ்கிண்டர்’: குறுக்குக்குறி நோட்டைப் பாடுவதா, பேசுவதா?

ஏடுதேடி:
ஜெர்மன் இசையமைப்பாளர் ஹும்பர்டிங்கின் ‘கோனிக்ஸ்கிண்டர்’ என்றாலே 1910இல் நியூயார்க்கில் அரங்கேறிய ஓபராதான் பேசப்படுகிறது. அதற்கு முன் 1897இல் மியூனிக்கில் மேடையேறிய மெலோட்ராமா (இசையோடு சேர்த்து வசனம் பேசும் நாடகம்) வடிவத்திலிருந்து ஒரு காட்சியை மட்டும் இரண்டு நடிகர்கள், சிறிய ஆர்கெஸ்ட்ராவோடு நடத்தத் திட்டம். வசனத்துக்கு மேல் பெருக்கல் குறி போட்ட நோட்டுகளை எப்படிக் கையாள்வது? உரிமைச் சிக்கல் உண்டா?

மந்தரம்:
பேச்சுதான். கால அளவைக் கறாராகப் பிடியுங்கள். சுருதி, ஏற்ற இறக்கத்துக்கு வழிகாட்டி மட்டுமே. முதலில் ஒரே குரல்மட்டத்தில் தாளத்தோடு வசனம். அது கைவந்தபின் ஒவ்வொரு வரியின் உச்சியும் அடியும். பியானோ கடைசியில். தொடக்கத்திலேயே பியானோ வைத்தால் நடிகரின் காது சுருதியில் ஒட்டிக்கொள்ளும். நீண்ட நோட்டில் உயிரெழுத்தை இழுத்துப் பாடிவிடுவார். அங்கே சுருதியைத் தொட்டதுமே குரலை நழுவவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஒலியளவு. பயிற்சி பெற்ற ஓபரா ஆண்குரலுக்கு 3,000 ஹெர்ட்ஸ் வாக்கில் தனி வலு உண்டு. ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கேட்பது அதனால்தான். பேச்சுக்குரலில் அது கிடையாது. வசனம் வரும் இடங்களில் எவ்வளவு சத்தமாக வாசிப்பது என்று காட்டும் எல்லா ஒலிக்குறிகளையும் ஒரு படி இறக்குங்கள், வயலின்களில் பாதிப்பேர் வாசித்தால் போதும்.

உரிமைக்குறிப்பு:
ஹும்பர்டிங்க் 1921இல் மறைந்தார். கதை எழுதிய எர்ன்ஸ்ட் ரோஸ்மர், அதாவது எல்சா பெர்ன்ஸ்டைன், 1949இல். படைத்தவர் மறைந்து 70 ஆண்டு வரை உரிமை என்ற கணக்குள்ள நாடுகளில் 2020 ஜனவரி 1 முதல் இசை, கதை இரண்டும் எல்லோருக்கும் பொது. ஆனால் புதிதாக ஆராய்ந்து திருத்திய பதிப்புக்கு ஜெர்மனியில் வெளியானதிலிருந்து 25 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. பழைய அச்சிலிருந்தே நகலெடுங்கள்.

ஐந்துகோடு:
கையிலிருப்பது எந்த வடிவம் என்று முதலில் உறுதிசெய்யுங்கள். வசன வரி முழுக்கச் சாதாரண நோட்டாக இருந்தால் அது ஓபரா.

பியானோச் சுருக்கத்தை (முழு இசையையும் பியானோவுக்குச் சுருக்கி எழுதியதை) வைத்து ஆர்கெஸ்ட்ரா எழுத இறங்காதீர்கள். மேல் மெட்டுக்கும் அடிக்குரலுக்கும் நடுவில் வரும் உள்குரல்கள் பாதி அதில் இருக்காது. தனித்தனி வாத்தியத் தாள்கள் கிடைத்தால் அவைதான் பொக்கிஷம். ஷூபர்ட்டின் ‘ரோசமுண்டே’ நாடக இசையை 1867இல் ஆங்கிலேயர்களான ஜார்ஜ் குரோவும் ஆர்தர் சல்லிவனும் வியன்னாவில் மீட்டது அப்படிப்பட்ட தாள்கட்டிலிருந்துதான்.

தட்டச்சுக்கு முன் ஒவ்வொரு தாளிலும் காட்சியின் பார்களை (கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டங்களை) எண்ணுங்கள். மொத்தம் ஒத்துவராவிட்டால் பிழை பெரும்பாலும் நீண்ட ஓய்வுகளில் இருக்கும், அல்லது பென்சிலில் ‘வி–’ என்று தொடங்கி ‘–டே’ என்று முடியும் வெட்டில். இடைப்பட்டதை வாசிக்காமல் தாண்டு என்று பொருள். அந்த வெட்டு ஏதோ ஓர் அரங்கத்தின் வசதிக்காக வந்தது. பென்சிலை விட்டு அச்சைப் பின்பற்றுங்கள். நடிகரின் கடைசி நான்கு சொற்களை எல்லா வாத்தியத் தாள்களிலும் எழுதிவிடுங்கள், நுழைவு தவறாது.