புட்டிங் பொடி போடலேன்னா ஆமிஷ் குக்கீயே இல்லையாம்!

மாவுமன்னன்:
ஒரு காணொளி எல்லா வாட்ஸப் குழுவுலயும் சுத்திட்டிருக்கு. அமெரிக்காவுல பழைய முறையில வாழற ஆமிஷ் கிறிஸ்தவங்களோட சாக்லேட் சிப் குக்கீ மெத்துன்னு இருக்கக் காரணம், பாலுல கலக்கினா கெட்டியாகற இன்ஸ்டன்ட் வெனிலா புட்டிங் பொடியாம். அது போடாதது ஆமிஷ் குக்கீயே இல்லையாம். கேட்டதும் பத்திக்கிட்டு வருது. குதிரை வண்டியில போறவங்க, மின்கம்பியை வீட்டுக்குள்ள விடாதவங்க, மஞ்சள் சாயம் போட்ட டப்பாப் பொடியை நம்பியா குக்கீ சுடறாங்க?

இதான் அளவு. மைதா 280 கிராம், பேக்கிங் சோடா 1 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், வெண்ணெய் 115 கிராம், ஷார்ட்டனிங் (கெட்டித் தாவரக் கொழுப்பு) 95 கிராம், பிரவுன் சர்க்கரை 210, வெள்ளைச் சர்க்கரை 50, முட்டை 2, வெனிலா 2 டீஸ்பூன், சாக்லேட் சிப்ஸ் 340. கொழுப்பையும் சர்க்கரையையும் 3 நிமிஷம் நுரைக்க அடிங்க, முட்டையை ஒண்ணொண்ணா சேருங்க, மாவைப் போட்டதும் வெள்ளைக் கோடு மறையற வரைக்கும் மட்டும் கிளறுங்க. ஃபிரிட்ஜுல 1 மணி நேரம். 40 கிராம் உருண்டை, 350 ஃபாரன்ஹீட், 9-லேருந்து 10 நிமிஷம். புட்டிங் பொடி எங்கேயாவது வந்துச்சா?

கிராம்கணக்கு:
மாவுமன்னன் அவர்களே, குதிரை வண்டிக்கும் ஸ்டார்ச்சுக்கும் என்ன சம்பந்தம்? உங்கள் குக்கீ முதல் நாள் மெத்தென்று இருக்கும். மூன்றாம் நாள் வறட்டி.

காரணம் இதோ. இன்ஸ்டன்ட் புட்டிங் பொடியில் இருப்பது ஏற்கெனவே வேகவைத்து உலர்த்திய சோள ஸ்டார்ச். பச்சைத் தண்ணீரிலேயே உப்பிக்கொள்ளும். முட்டையிலும் வெண்ணெயிலும் இருக்கிற தண்ணீரை மாவு பிசையும்போதே பிடித்து வைத்துக்கொள்ளும், ஓவன் சூட்டிலும் எளிதில் விடாது. அளவு: மைதா 280, சோடா 1 டீஸ்பூன், வெண்ணெய் 225, பிரவுன் 160, வெள்ளை 50, முட்டை 2, சிப்ஸ் 340, புட்டிங் பொடி சிறிய பெட்டி ஒன்று, அதாவது 96 கிராம். 144 கிராம் பெரிய பெட்டி அல்ல. 96.

மாவுமன்னன்:
வாங்க சார், எங்கடா காணோமேன்னு பார்த்தேன். போன தீபாவளிக்கு இங்க முறுக்கு பத்தின விவாத இழையில 4-க்கு 1 உளுந்துன்னு நான் எழுதினதுக்கு மூணு நாள் கிராமால அடிச்சீங்க. இப்ப குக்கீக்கு வந்துட்டீங்க. புட்டிங் பொடி ஆமிஷ் சமையல் கிடையாது, அவ்வளவுதான்.

லங்காஸ்டர்_பாலு:
மாவுமன்னன் அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இங்க பென்சில்வேனியா லங்காஸ்டர் கவுன்ட்டியில ஆமிஷ்காரங்க நடத்தற மொத்தச் சாமான் கடை எதுக்குள்ள வேணா போங்க. இன்ஸ்டன்ட் புட்டிங் பொடியைக் கண்ணாடிப் பையில கட்டி, எடை ஒட்டி, அலமாரியில அடுக்கி வெச்சிருப்பாங்க. பக்கத்துலயே பழம் வெச்சுச் சுடற 'பை' (pie) பண்டத்துக்கு இன்ஸ்டன்ட் கிளியர்ஜெல்னு கெட்டியாக்கற ஸ்டார்ச். ஒஹாயோ ஹோம்ஸ் கவுன்ட்டியிலயும் இதே கதைதான். அவங்க சமையல் புத்தகங்கள்ல டின் சூப், டப்பா க்ரீம், ஜெல்லிப் பொடி எல்லாம் சர்வ சாதாரணம். பத்துப் பிள்ளைக்குச் சமைக்கிற வீட்டுல டப்பாவுக்குத் தீட்டு பார்க்க முடியுமா?

மின்சாரம் கிடையாதுன்னா அடுப்பே கிடையாதுன்னு அர்த்தமா? நிறைய வீட்டுல புரொப்பேன் கேஸ் ஓவன். ஃபிரிட்ஜ்கூட கேஸ்ல ஓடும். மிக்ஸரைக் காற்றழுத்த மோட்டார்ல சுத்த விடற வீடும் உண்டு. விறகடுப்பு மட்டும்னு இருக்கறது ஸ்வார்ட்சன்ட்ரூபர் மாதிரி கெடுபிடியான பிரிவுகள்.

மாவுமன்னன்:
கடையில விக்குதுன்னா குக்கீயில போடறாங்கன்னு ஆயிடுமா? எங்க தெரு மளிகைக் கடையில பினாயிலும்தான் விக்குது.

கிராம்கணக்கு:
பினாயிலில் ஸ்டார்ச் இல்லை. 96 கிராம் புட்டிங் பொடியில் உண்டு.

திண்ணைவாசி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். "ஆமிஷ் குக்கீ" என்றால் ஆமிஷ் வீட்டில் சுட்டதா, ஆமிஷ் கடையில் விற்றதா, இல்லை பெட்டியில் குதிரை வண்டிப் படம் போட்டதா? "மெத்து" என்பது வாயில் உதிர்வதா, வளைத்தால் வளைவதா? இதைச் சொல்லிவிட்டு அடித்துக்கொள்ளலாமே.

ஓவன்_வள்ளி:
புட்டிங் பொடியை விடுங்க, ஷார்ட்டனிங் போட்ட குக்கீயை எப்படித்தான் வாயில வைக்கிறீங்க? மேல்வாயில மெழுகு மாதிரி ஒட்டும். வெண்ணெய் 32-லேருந்து 35 டிகிரி செல்சியஸுக்குள்ள உருகிடும், அதனால நாக்குல கரையும். கிரிஸ்கோங்கற ஷார்ட்டனிங் உருக 46-க்கு மேல வேணும். உடம்புச் சூடே 37. மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்குங்க.

மாவுமன்னன்:
வள்ளி அக்கா, அந்த 46-க்காகத்தானே போடறதே! வெண்ணெய் சீக்கிரம் உருகினா மாவு வேகறதுக்கு முன்னாடியே குக்கீ தட்டையாப் பரவி ஓரம் மொறுமொறுன்னு ஆயிடும். ஷார்ட்டனிங் நின்னு உருகும், அதுக்குள்ள முட்டை இறுகிடும், குக்கீ உயரமா நிக்கும். பாதிக்குப் பாதி போட்டா மணமும் உண்டு, உயரமும் உண்டு. அமெரிக்கக் கிராமத்து வீடுகள்ல கிரிஸ்கோ 1911-லேருந்து இருக்கு. இதான் பாரம்பரியம்.

கிராம்கணக்கு:
அடடா. 1911-இல் தொழிற்சாலையில் ஹைட்ரஜன் ஏற்றிய பருத்திக்கொட்டை எண்ணெய் பாரம்பரியம், ஸ்டார்ச் மட்டும் டப்பாச் சரக்கா? ஆமிஷ் மக்களின் பிரிவு 1693-இல் யாக்கோப் அம்மானோடு சுவிட்சர்லாந்துப் பக்கம் தொடங்கியது. சாக்லேட் சிப் குக்கீயோ 1930-களில் மாசசூசெட்ஸ் விட்மன் ஊரின் டோல் ஹவுஸ் விடுதியில் ரூத் வேக்ஃபீல்ட் செய்தது. அவர் வைத்த பெயரே "கிரஞ்ச் குக்கீ". மொறுமொறு! மெத்தென்று ஆனதே பிற்பாடு. ஆக இதில் பாரம்பரியம் பேசுவது, மிளகாய் பஜ்ஜி சங்க காலத்துப் பண்டம் என்பது போல. மிளகாயே இங்கே போர்த்துகீசியர் கொண்டுவந்தது.

தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். வெண்ணெயில் 16 முதல் 18 சதவீதம் தண்ணீர். என் 225 கிராமில் ஏறத்தாழ 38 கிராம். இரண்டு முட்டையில் சுமார் 75. மொத்தம் 113. உங்களுடையதில் வெண்ணெய் பாதிதான், ஷார்ட்டனிங்கில் தண்ணீர் பூஜ்யம். மொத்தம் 95-ஐத் தாண்டாது. தண்ணீரும் குறைவு, அதைப் பிடித்து வைக்கப் புட்டிங் பொடியும் இல்லை. மூன்றாம் நாள் என்ன மிஞ்சும்?

மாவுமன்னன்:
தண்ணி குறைஞ்சா குளூட்டன், அதான் மாவை இழுவையாக்கற புரதம், குறையும் சார். குளூட்டன் குறைஞ்சா மிருதுவா இருக்கும். அஞ்சாம் வகுப்புப் பாடம்.

கிராம்கணக்கு:
மிருது வேறு, ஈரம் வேறு.

திண்ணைவாசி:
அதைத்தான் ஐயா நான் மேலே கேட்டேன்.

அண்ணாநகர்_பேக்கர்:
சார், சென்னையில புட்டிங் பொடி சுலபமாக் கிடைக்காது. கஸ்டர்ட் பவுடர் 96 கிராம் போட்டா போதுமா? ரெண்டும் ஒண்ணுதானே?

கிராம்கணக்கு:
ஐயோ, இல்லை! கஸ்டர்ட் பவுடர் பச்சை ஸ்டார்ச், சாயம், மணம், அவ்வளவுதான். அது உப்பப் பாலில் கொதிக்க வேண்டும். குக்கீ மாவில் தண்ணீர் சொற்பம், சர்க்கரை ஏராளம். இந்த நிலையில் அது சரியாக வேகாது. புட்டிங் பொடியிலோ எடையில் பெரும்பங்கு சர்க்கரை. அதனால்தான் என் அளவில் சர்க்கரை குறைவு. கஸ்டர்ட் பவுடரை 96 கிராம் கொட்டினால் இனிப்பும் இல்லாமல், வாயில் திருநீறு போட்டதுபோல் இருக்கும். 2 டேபிள்ஸ்பூன் போட்டு அதே அளவு மைதாவைக் குறையுங்கள். மாவு கொஞ்சம் மிருதுவாகும். ஈரம் நிற்காது.

புட்டிங் பெட்டியிலேயே மூன்று பள்ளங்கள் உண்டு. அடுப்பில் வைத்துக் காய்ச்சும் வகையைத் தவறி வாங்கினால் கஸ்டர்ட் பவுடர் கதைதான். சர்க்கரையில்லாத பெட்டி 28 கிராம்தான். அதைப் போட்டால் சர்க்கரை குறைந்து குக்கீ வெளிறிப்போகும். 144 கிராம் பெரிய பெட்டியைக் கொட்டினால் மாவு களிபோல் இறுகி, உருண்டை உருண்டையாகவே வெந்து கேக் ஆகிவிடும். 96 போட்டாலுமே தானாக அதிகம் பரவாது. தட்டில் வைத்ததும் உள்ளங்கையால் லேசாக அமுக்கிவிடுங்கள்.

மாவுமன்னன்:
பாருங்க மக்களே! இத்தனை பள்ளம் இருக்கற பொருளைத்தான் போடச் சொல்றார். பொடி இல்லேன்னா பள்ளமே இல்ல.

அண்ணாநகர்_பேக்கர்:
ஷார்ட்டனிங்குக்கு வனஸ்பதி போடலாமா?

மாவுமன்னன்:
போடலாம்.

ஓவன்_வள்ளி:
போடாதீங்க. நம்ம ஊர் வனஸ்பதி 31-லேருந்து 41 டிகிரிக்குள்ள உருகற மாதிரி செய்யறது. மாவுமன்னன் பெருமை பேசற அந்த 46 இதுல வராது. அதோட குருணை குருணையா இருக்கும், சர்க்கரையோட அடிச்சா காத்து ஒழுங்காப் பிடிக்காது. வெண்ணெயே போடுங்க, ஆனா சென்னை வெயில்ல "அறை வெப்பநிலை"ன்னு எழுதினதை நம்பி ஒரு மணி நேரம் வெளிய வெச்சுடாதீங்க, நெய்க்கு முந்தின நிலையில இருக்கும். அடிக்கும்போது 18-லேருந்து 20 டிகிரி இருக்கணும். ஃபிரிட்ஜுலேருந்து எடுத்துத் துண்டு போட்டு, விரல் வெச்சா பள்ளம் விழணும், பளபளக்கக் கூடாது. அந்த நேரத்துல அடிச்சுடணும்.

இன்னொண்ணு, யாரும் சொல்லல. இங்க பாக்கெட்ல "பிரவுன் சுகர்"னு பெரும்பாலும் விக்கறது உலர்ந்த, பழுப்பு நிறக் கல்லுச் சர்க்கரை. அது ஆகாது. கையில பிடிச்சா ஈர மணல் மாதிரி கட்டி நிக்கணும். கிடைக்கலேன்னா 200 கிராம் வெள்ளைச் சர்க்கரையில 1 டேபிள்ஸ்பூன் மொலாசஸ் (கரும்புக் கழிவுப் பாகு) விட்டுப் பிசைஞ்சுக்குங்க. அந்த மொலாசஸ்தான் ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். சோடா பொங்கறதுக்குப் புளிப்பும் அதுலேருந்துதான் வருது. மெத்துன்னு இருக்கக் காரணம் இதுதான், பொடியும் இல்ல டப்பாவும் இல்ல.

கிராம்கணக்கு:
வள்ளி அம்மையார் சொல்வது சரி. அதோடு 96 கிராம் புட்டிங் பொடியும் போட்டால் இன்னும் சரி.

மாவுமன்னன்:
அக்கா என் கட்சின்னு எல்லாரும் குறிச்சுக்குங்க.

ஓவன்_வள்ளி:
நான் யார் கட்சியும் இல்ல. உங்க ரெண்டு பேர் அளவும் தப்பு.

லங்காஸ்டர்_பாலு:
அளவைவிட நேரம்தாங்க முக்கியம். ஓரம் ஒரு விரல் அகலத்துக்கு இறுகி, நடு இன்னும் வேகாத மாதிரி ஈரமாத் தெரியும் பாருங்க, அப்ப தட்டை வெளிய எடுக்கணும். தொட்டா அமுங்கும், பயப்படக் கூடாது. தட்டுச் சூட்டுலயே 5 நிமிஷம் விட்டா நடுவும் வெந்துடும். நடுவும் நிறம் மாறட்டும்னு காத்திருந்தா புட்டிங் போட்டாலும் பிஸ்கட், கிரிஸ்கோ போட்டாலும் பிஸ்கட். டப்பாவுல வைக்கும்போது ஒரு துண்டு ரொட்டி போட்டு மூடுங்க. ரொட்டி காஞ்சு போகும், குக்கீ ஈரமா இருக்கும்.

மாவுமன்னன்:
கேட்டுச்சா? ரொட்டித் துண்டு! மூணாம் நாள் வறட்டின்னு சொன்னீங்களே, அதுக்கு மருந்து ரொட்டித் துண்டு. 96 கிராம் பொடி எதுக்கு?

கிராம்கணக்கு:
ரொட்டித் துண்டு என்பது ஊன்றுகோல். காலே நன்றாக இருந்தால் கோல் எதற்கு? மேலும் 280 கிராம் மைதா என்று என்னைப் போலவே கிராமில் எழுதியிருக்கிறீர்கள். முறுக்கு இழையில் "கண்ணளவு போதும்" என்று என்னைக் கேலி செய்தவர் தாங்கள்தானே?

மாவுமன்னன்:
முறுக்குக்குக் கண்ணளவு போதும், இன்னிக்கும் அதான் சொல்றேன். கப்பால மைதாவை வாரி எடுத்தா ஒரு கப் 145 வரைக்கும் போகும், கரண்டியால தூவி நிரப்பினா 125. ரெண்டேகால் கப்புல 45 கிராம் வித்தியாசம். குக்கீ செங்கல்லாப் போறது பாதி அதனாலதான். அதுக்காகக் கிராம் எழுதினேன். உங்களைப் பார்த்து எழுதல.

கிராம்கணக்கு:
நன்றி. எதற்கென்று தங்களுக்கே தெரியும்.

திண்ணைவாசி:
மூன்றாவது முறையாக: மெத்து என்றால்?

அண்ணாநகர்_பேக்கர்:
சார், முதல் தட்டு நல்லா வந்தா ரெண்டாவது தட்டு மட்டும் ஏன் பரவிப் போகுது? யாராவது சொல்லுங்களேன்.

ஓவன்_வள்ளி:
சூடு ஆறாத தட்டுல அடுத்த உருண்டையை வெச்சா, ஓவனுக்குள்ள போறதுக்கு முன்னாடியே வெண்ணெய் அடியில உருக ஆரம்பிச்சுடும். தட்டைத் திருப்பிப் போட்டுக் குழாய்த் தண்ணியில ஆறவிடுங்க, துடைச்சுட்டு வைங்க. மிச்ச மாவு அதுவரைக்கும் ஃபிரிட்ஜுல இருக்கட்டும்.

மாவுமன்னன்:
பாதி ஷார்ட்டனிங் போட்டா அந்தத் தொல்லையும் குறையும். பொடி வேண்டாம்.

கிராம்கணக்கு:
புட்டிங் பொடி போட்டால் பரவலே குறைவு என்று மேலே எழுதிவிட்டேன். படிக்காதவர்களுக்காக மறுபடியும்: 96 கிராம். காய்ச்சும் வகை அல்ல. சர்க்கரையில்லாதது அல்ல.

மாவுமன்னன்:
முறுக்கு இழையைத் திறங்க சார், அங்க ஒரு பாக்கி இருக்கு.