போர்லி வீட்டுப் பேயும் ஹாரி பிரைஸும்: நம்பலாமா?

நிலாமுற்றம்: எசெக்ஸில் போர்லி கிராமத்துப் பாதிரியார் வீட்டை ‘இங்கிலாந்திலேயே அதிகம் பேய் உலாவும் வீடு’ என்கிறார்களே, அதை ஆராய்ந்த ஹாரி பிரைஸை நம்பலாமா?

சாக்பீஸ்: பாதி நம்பலாம். 1929-இல் டெய்லி மிரர் பத்திரிகை கூப்பிட்டுத்தான் அங்கே போனார். 1937-இல் அந்த வீட்டையே ஓராண்டு வாடகைக்கு எடுத்து, டைம்ஸில் விளம்பரம் கொடுத்து 48 பேரைக் காவலுக்குப் பிடித்தார். எனக்குப் பிடித்தது பேயை ஆராய அவர் கொண்டுபோன பெட்டிதான். காலடி ஓசை கேட்காமலிருக்க ஷூவுக்கு மேல் மாட்டும் கம்பளி உறை, அளவு நாடா, முத்திரையிடும் சாமான், யாராவது மயங்கி விழுந்தால் கொடுக்க பிராந்தி! பொருட்களைச் சுற்றிச் சாக்பீஸ் கோடு வேறு. இம்மி நகர்ந்தாலும் தெரிந்துவிடும். அதெல்லாம் சரி. ஆனால் 1929-இல் அவர் வந்து இறங்கியதுமே கல் பறக்கத் தொடங்கியதுதான் இடிக்கிறது.

எலிப்பொறி: அமானுஷ்ய ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த மூவர் 1956-இல் வெளியிட்ட அறிக்கையும், சிலவற்றை அவருடைய கைவரிசை என்றே சந்தேகித்தது. மீதி எலியும் எதிரொலியும்தான்.

நிலாமுற்றம்: அப்புறம் வீடு என்ன ஆயிற்று?

சாக்பீஸ்: 1939-இல் எண்ணெய் விளக்கு கவிழ்ந்து எரிந்ததாம், 1944-இல் இடித்துவிட்டார்கள். அந்த விளக்குக் கதையைக் காப்பீட்டுக்காரர்களே நம்பவில்லை!