இந்திய ரேட்டிங்கை வைத்து டெக்சாஸில் பறக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டேன், இப்போது என்ன செய்வது?

டல்லாஸ்_புதுசு:
அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். கொஞ்சம் அவசரம். டெக்சாஸுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஊரில் டி.ஜி.சி.ஏ. (இந்திய விமானத் துறை ஆணையம்) தரும் கமர்ஷியல் பைலட் லைசென்ஸும் பயிற்றுநர் ரேட்டிங்கும் (பறக்கச் சொல்லிக் கொடுக்கும் தகுதி) வாங்கி, மூன்று வருடம் பலருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். இங்கே ஒரு நண்பர் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டார். சனிக்கிழமைகளில் செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். மொத்தம் 14 மணி நேரம். அவருடைய லாக்புக்கில் (பறந்த நேரப் பதிவேடு) கையெழுத்தும் போட்டேன். நேற்று அவர் ஒரு ஸ்கூலில் சேரப் போனபோது, "இதில் ஒரு மணி நேரம்கூட கணக்கில் வராது, யார் கையெழுத்து இது?" என்று கேட்டிருக்கிறார்கள். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. என் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்களா?

சிகாகோ_அண்ணன்:
தம்பி, முதலில் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். நான் வந்த வருடம் கிரெடிட் ஹிஸ்டரி இல்லை என்று எவரும் வீடு தரவில்லை. பனியில் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனேன், கையில் நல்ல கோட்டுகூட இல்லை. முதல் வருடம் புதிதாக எதையும் தொடக்கூடாது என்பது அப்போது கற்றது. டெக்சாஸ் டிரைவிங் லைசென்ஸ் எடுத்துவிட்டீர்களா? குடியேறி 90 நாட்களுக்குப் பிறகு ஊர் லைசென்ஸில் ஓட்டக்கூடாது. அதை முதலில் பாருங்கள்.

டொரொண்டோ_அக்கா:
இங்கே கனடாவில் பயிற்றுநர்களுக்கு நான்கு வகுப்பு. புதிதாக வருகிறவர் நான்காம் வகுப்பு. ஒன்றாம் அல்லது இரண்டாம் வகுப்புக்காரர் மேற்பார்வையில்தான் சொல்லிக் கொடுக்க முடியும். அங்கேயும் ஒரு மூத்தவரைப் பிடித்து மேற்கையெழுத்து வாங்கினால் சரியாகிவிடும்.

ஹூஸ்டன்_மாமா:
பயப்பட ஒன்றுமில்லை. ஊரில் ஒரு பயிற்றுநரிடம் நான் பறந்து கற்ற மணி நேரத்தை இங்கே மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். இந்திய ரேட்டிங் செல்லும்.

ஆஸ்டின்_வாசி:
செல்லாது. விளையாட்டுக் காரியம் இல்லை இது, துணைவர் விசாவில் வந்திருந்தால் அந்த விசாவுக்கே ஆபத்து. H-4-ல் (வேலை விசாக்காரரின் கணவன் அல்லது மனைவிக்கான விசா) வந்தவர்கள் படித்த படிப்பையெல்லாம் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டியிருக்கிறது. என் மனைவி பல் மருத்துவர். நான்கு வருடமாக வீட்டில் இருக்கிறார்.

நியூஜெர்சி_நண்பன்:
அதைச் சொல்லுங்கள். இந்திய லைசென்ஸை இங்கே காட்ட, அது உண்மையானதுதான் என்று அங்கிருந்து கடிதம் வர வேண்டும். அந்த ஒரு கடிதத்துக்கு நான் காத்திருந்த நாட்களில் ஒரு குழந்தை பிறந்து தவழ ஆரம்பித்துவிட்டது.

டல்லாஸ்_புதுசு:
மன்னிக்கவும், பாதியைச் சொல்லாமல் விட்டேன். நான் H-4-ல்தான் இருக்கிறேன், வேலை அனுமதி அட்டை இல்லை. இந்திய லைசென்ஸை வைத்து இங்கே பிரைவேட் பைலட் லைசென்ஸ் (காசு வாங்காமல் பறப்பதற்கானது) வாங்கியிருக்கிறேன். காசு எதுவும் வாங்கவில்லை. ஆனால் விமான வாடகை முழுவதையும் நண்பர்தான் கட்டினார்.

சி.எஃப்.ஐ._அக்கா:
தம்பி, நான் இங்கே சி.எஃப்.ஐ., அதாவது சான்றிதழ் பெற்ற விமானப் பயிற்றுநர். இப்போதுதான் பதில் சொல்ல முடிகிறது.

ஹூஸ்டன்காரர் சொன்னது அவருக்குச் சரி, உங்களுக்கு அல்ல. எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானத் துறை நிர்வாகம்) விதி 61.41 படி, சர்வதேச சிவில் விமான அமைப்பில் உள்ள நாட்டின் பயிற்றுநர் தரும் பயிற்சி கணக்கில் வரும். ஆனால் அது அமெரிக்காவுக்கு வெளியே நடந்திருக்க வேண்டும். நீங்களே உங்கள் நண்பரை ஊருக்கு அழைத்துப்போய்ச் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்த 14 மணி நேரம் நின்றிருக்கும். இங்கே அதைத் தர எஃப்.ஏ.ஏ.யின் பயிற்றுநர் சான்றிதழ் வேண்டும். டொரொண்டோ அக்கா சொன்ன வகுப்புமுறை இங்கே இல்லை, மேற்கையெழுத்து உதவாது. தான் தராத பயிற்சிக்கு எந்த சி.எஃப்.ஐ.யும் கையெழுத்துப் போடமாட்டார், போடவும் கூடாது.

உங்கள் திறமையை யாரும் குறை சொல்லவில்லை. சான்றிதழ் வைத்திருக்கும் எங்களுக்கே எல்லை உண்டு. 24 மணி நேரத்துக்குள் 8 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி தரக்கூடாது. இரட்டை எஞ்சின் விமானத்தில் சொல்லிக் கொடுக்க, அதே மாடலில் 5 மணி நேரமாவது நானே பைலட்டாக ஓட்டியிருக்க வேண்டும்.

வாடகை விஷயம்தான் எனக்குக் கவலை. பிரைவேட் லைசென்ஸில் பயணியோடு பறந்தால் எரிபொருள், வாடகையில் உங்கள் பங்கை நீங்கள் கட்டியே ஆக வேண்டும். காசு கைக்கு வராவிட்டாலும், அவர் முழுதாகக் கட்டியதை நீங்கள் பெற்ற ஊதியமாகப் பார்க்க இடமுண்டு. விசாப் பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும். ஆகவே விமானச் சட்டம் தெரிந்த வக்கீலையும் விசா வக்கீலையும் தனித்தனியாகப் பாருங்கள். அதற்குமுன் எஃப்.ஏ.ஏ.க்கு ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

லாக்புக்கில் எதையும் கிழிக்காதீர்கள், அடிக்காதீர்கள். தெரியாமல் செய்த தப்பைவிடப் பதிவைத் திருத்துவது பெரிய குற்றம்.

நாசா நடத்தும் விமானப் பாதுகாப்பு அறிக்கை முறை ஒன்று உண்டு. வேண்டுமென்றே செய்யாத விதிமீறலை, நடந்த அல்லது தெரியவந்த நாளிலிருந்து 10 நாட்களுக்குள் அங்கே எழுதினால், எஃப்.ஏ.ஏ. மீறல் என்று தீர்மானித்தாலும் தண்டனையைத் தவிர்க்கலாம். உங்களுக்கு அது பொருந்துமா என்று முதல் வேலையாக வக்கீலிடம் கேளுங்கள்.

பிறகு முறையாக வர ஆசை இருந்தால் வழி இருக்கிறது. உங்கள் இந்திய மணிகள் வீணாகாது. அவற்றை வைத்து இங்கே கமர்ஷியல் எடுங்கள். எழுத்துத் தேர்வு, செக்ரைடு (பறந்து காட்டும் தேர்வு) இரண்டும் உண்டு. இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங்கும் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) வேண்டும். அப்புறம் ஸ்பின் (விமானம் சுழன்று விழுவதிலிருந்து மீட்பது) பயிற்சிக் கையெழுத்து, பயிற்றுநருக்கான எழுத்துத் தேர்வுகள், செக்ரைடு. H-4-ல் படிக்கலாம், வேலை அட்டை வரும்வரை சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

ஒன்று கேட்க மறந்தேன். நண்பர் குடியுரிமை பெற்றவரா? இல்லையென்றால் பயிற்சி தொடங்கும் முன்பே டி.எஸ்.ஏ.வின் (அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம்) பாதுகாப்புச் சோதனை முடிந்திருக்க வேண்டும்.

டல்லாஸ்_புதுசு:
அக்கா, அவர் கிரீன் கார்டு. அந்தச் சோதனை பற்றி இருவருக்கும் தெரியாது.

சி.எஃப்.ஐ._அக்கா:
கிரீன் கார்டுக்கும் அது வேண்டும். வக்கீலிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நண்பர் இனி சேரும் ஸ்கூல் மூலம் விண்ணப்பிக்கட்டும், அதுவரை அவரை ஏற்றிக்கொண்டு பறக்காதீர்கள். நேற்றுதான் உங்களுக்குத் தெரியவந்தது என்றால் அந்த 10 நாளில் இன்னும் 9 இருக்கிறது.

டல்லாஸ்_புதுசு:
திங்கள் காலை ஒன்பது மணிக்கு வக்கீலிடம் நேரம் வாங்கிவிட்டேன் அக்கா. லாக்புக்கை நண்பர் தொடாமல் அப்படியே வைத்திருக்கிறார்.